கை நனைக்காத சம்மந்தி

அசையாதீங்க சம்மந்தி. அந்தக் கையை மட்டும் அசைச்சிராதீங்க. அது உங்க கையே இல்லைன்னு நினைச்சுக்கிடுங்க. பொங்கல் கிண்டுன துடுப்பை அண்டக் குடுத்து என் துண்டால கட்டியிருக்கேன், எலும்பு முறிஞ்ச கைக்குக் கட்டுவாவல்லா, அந்த மாதிரி. இறுக்கமா இருக்கா? என் விரல் உள்ள நுழையுது, சரியாத்தான் இருக்கு. நீங்க பேச வேண்டாம். பேசுனா நெஞ்சு அடிக்கும், விஷம் வேகமா ஏறும். ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசுதேன். எனக்குப் பேச்சுக்கா பஞ்சம்?

பயப்படாதீங்க. கடிச்சது நல்ல பாம்புதான், படத்தை நானும் பாத்தேன். அதுக்கு மருந்து இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டா ஊசி போட்டு எழுப்பி உக்கார வச்சிருவாவ. போய்ச் சேரணும், அவ்வளவுதான். இந்தச் சாஸ்தா கோயில்ல பொங்கல் வச்சா, மிஞ்சுன விறகை அடுத்து வாரவங்களுக்கு அடுக்கி வச்சிட்டுத்தான் மலை இறங்கணும்ங்கது உங்க குடும்பத்து வழக்கம். அடுக்கினது போதாதுன்னு அடியில கோணலாக் கிடந்த கட்டையை வேற உருவப் போனிய. உங்களுக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கணும். உங்க கட்டில் கடையிலயே பாத்திருக்கேன்லா, கால் கால் நேரா வரிசை பிடிச்சு வச்சிருப்பிய. இப்பப் பாருங்க, ஊருக்கெல்லாம் கட்டில் விக்கிற மனுசன், உங்களைத் தூக்கிட்டுப் போக ஒரு கட்டில் இல்ல. சிரிக்காதீங்க, உடம்பு குலுங்கும். சிரிக்கலையா? சரி.

உங்க மகன் உலகுவும் பூசாரியும் செக்போஸ்டுக்கு ஓடியிருக்காவ. அங்க போனாத்தான் போன்ல டவர் கிடைக்கும். ஃபாரஸ்ட்காரவ ஸ்ட்ரெச்சரும் கயிறும் எடுத்துட்டு வந்துருவாவ. காட்டாத்துல தண்ணி ஏறிட்டு. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சாத்தான் தாண்ட முடியும், அதான் ரெண்டு பேரும் சேந்து போனாவ. பொம்பளையாளும் பேரனும் மழைக்கு முந்தியே இறங்கிட்டாவ, அதுவரைக்கும் சாஸ்தா காப்பாத்துனாரு. நானும் ஓடியிருப்பேன். எனக்கு முட்டி போயிட்டுன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஓடுனா என்னைத் தூக்க ரெண்டு பேர் வேணும். உங்களை நடத்திக் கூட்டிட்டுப் போகவும் கூடாது. முன்னால ஆறு, பின்னால காடு, தலைக்கு மேல இந்தத் தகரம். நீங்களும் நானும் சாஸ்தாவும்தான் பாக்கி.

உங்க மோதிரம் என் சட்டைப் பையில இருக்கு. கை வீங்குமுன்னே கழட்டணும், அதான் கழட்டுனேன். சம்மந்தி உருவிட்டான்னு நாளைக்குச் சொல்லிராதீங்க.

பூசாரிக்கு என் மேல கோவம். துண்டை முறுக்கிட்டு வந்தாரு, முழங்கைக்கு மேல இறுக்கிக் கட்டணும்னு. நான் விடல. கட்டுனா கையே அழுகிப் போகும். கீறி ரத்தத்தை வடிக்கணும்னு பேரனுக்கு முடி இறக்குன பிளேடை எடுத்தாரு. அதைப் பிடுங்கி ஆத்துல எறிஞ்சிட்டேன். "ஏய் கண்டக்டரே, உசுரு போனா நீதான் பதில் சொல்லணும்"னு என் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டிட்டுப் போறாரு. கேட்டியளா? உங்க மகன் நிக்கான், அவன் முன்னாடியே சொல்லுதாரு. அவனும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் ஓடுனான். மாமனாரை அப்படிப் பாக்கலாமா ஒரு மருமவன்?

ஆனா நான் சொன்னதுதான் சரி. எங்க போக்குவரத்துக் கழகத்துல முதலுதவி வகுப்பு வச்சாவ. ஒரு நர்சம்மா வந்தா. ஒல்லியா இருப்பா, குரல் மட்டும் கணீர்னு. கட்டாதே, கீறாதே, வாய் வச்சு உறிஞ்சாதே, நடக்க விடாதே, பாம்பைத் தேடிப் போகாதே, குடிக்கத் திங்க ஒண்ணும் குடுக்காதே. பாட்டு மாதிரி சொல்ல வச்சா எங்களை. அப்புறமும் என்னமோ சொன்னா. அதுக்குள்ள டீ வந்துட்டு, நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஆனா முக்காவாசி தெரியும். நீங்க தைரியமா இருங்க.

வலிக்கா? வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடிச்சுக்கிடுங்க.

சரி, பொழுது போகணும்லா. சம்மந்தி, உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்னு ரொம்ப நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கேன். எப்ப வாயைத் திறந்தாலும் நீங்க செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவிய. இன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போக முடியாது. கோவப்படாதீங்க, கோவமும் கூடாது. சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க.

எங்க வீட்டுல நீங்க ஏன் கை நனைக்க மாட்டேங்கிய?

என் மகள் வடிவை உங்க வீட்டுக்குக் குடுத்து இத்தனை வருஷம் ஆச்சு. ஒரு நாள், ஒரு பொழுது, என் வீட்டுல உக்காந்து ஒரு பிடிச் சோறு தின்னுருக்கியளா? மறுவீட்டுக்கு வந்திய. திருநவேலிச் சீமையில மறுவீட்டுச் சொதியை வேண்டாம்னு சொன்ன மனுசன் உண்டா? என் பெண்டாட்டி பிரமு விடியமுன்னே எந்திரிச்சுத் தேங்காப்பால் பிழிஞ்சு, இஞ்சிப் பச்சடி வச்சு, உருளைக்கிழங்கு வறுத்து, இலை போட்டுத் தண்ணியும் தெளிச்சாச்சு. வயிறு சரியில்லைன்னு எந்திரிச்சிட்டிய. சரி, வயிறுன்னா வயிறு. வளைகாப்புக்கு வந்தியள்ளா, அப்பவுமா வயிறு? காப்பி குடுத்தா, இப்பத்தான் குடிச்சேன். வெத்தலை குடுத்தா, பல்லு கூசுது. எல்லாத்துக்கும் மேல, வீட்டுல இருந்தே பாட்டில்ல தண்ணி கொண்டு வந்திய பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு மனசு விட்டுப் போச்சு. என் வீட்டுக் குழாயில வாரதும் தாமிரபரணித் தண்ணி, உங்க வீட்டுக் குழாயில வாரதும் அதே தண்ணி. உங்க பாட்டில்ல வந்தா தீர்த்தம், என் சொம்புல குடுத்தா விஷமா? 

விஷம்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. வாய் தவறிப் போச்சு.

பிரமு அன்னைக்கு அடுக்களையில நின்னு அழுதா. கண்டக்டர் வீடுன்னு எளக்காரம்னு சொன்னா. நான் அவளை அதட்டுனேன். உள்ளுக்குள்ள எனக்கும் அதுதான். கடை வச்சிருக்கவருக்கு விசில் ஊதிப் பிழைச்சவன் வீட்டுச் சோறு இறங்குமா?

இதுல மாட்டிக்கிட்டது வடிவுதான். உங்க வீட்டுல இருக்கும்போது எங்களை நினைச்சு அழுவா, எங்க வீட்டுக்கு வந்தா ஒரு ராத்திரி கூடத் தங்காம ஓடுவா. "அப்பா, மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்கப்பா"ம்பா. நான் எதுக்குப் பேசணும்? நான் என்ன செஞ்சேன்? சொல்லட்டும், இன்னது செஞ்சேன்னு யாராவது சொல்லட்டும். நிச்சயதார்த்தத்துல உங்க ஆட்களை நான் தாங்குன தாங்கு ஊருக்கே தெரியும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா அன்னைக்கு? நம்ம பேச்சு என்ன? ஒரு வேன்ல வருவோம்னு சொன்னிய. வந்து இறங்குனது பாத்தா ஊரே வந்திருக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லலையே. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நானே பந்தியில இறங்கிட்டேன். உங்க பெரியக்கா, அதான் உங்களை வளத்த அந்த அம்மா, ரெண்டாவது தடவை ரசம் கேட்டா. நான் அடுக்களையைப் பாத்து ஒரு சத்தம் குடுத்தேன் பாருங்க, பஸ்ஸுல குடுக்குத சத்தம். "எலே, ரசத்துல இன்னும் ரெண்டு குடம் தண்ணியை ஊத்துடே! மாப்பிள்ளை வீட்டுக்காரவ ஸ்டாண்டிங்கெல்லாம் ஏத்திக்கிட்டு வந்திருக்காவ!"

மண்டபமே சிரிச்சு உருண்டுச்சு. சமையக்காரன் கரண்டியைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சான். இன்னைக்கும் எங்க தெருவுல அதைச் சொல்லிச் சிரிப்பாவ. உங்க அக்கா மட்டும் பாதி இலையில எந்திரிச்சுப் போயிட்டா. பாவம், மூட்டு வலி போல, கீழ உக்கார முடியல. அடுத்த வருஷமே தவறிட்டா. நல்ல அம்மா. அவிய பின்னாலயே நீங்களும் எந்திரிச்சியள்ளா, அக்காவைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக. அதெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்படிக் கலகலன்னு ஆரம்பிச்ச சம்மந்தம். யார் கண்ணு பட்டுச்சோ.

என்ன? என்ன கேக்கிய?

தண்ணியா?

சம்மந்தி, என்கிட்டயா தண்ணி கேக்கிய?

இந்தா இருக்கு, என் தூக்குவாளியில பிரமு காய்ச்சி ஆத்திக் குடுத்த தண்ணி. சீரகம் போட்டது. இத்தனை வருஷம் இந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கிடந்தேன். நீங்க வாய் திறந்து கேட்டுட்டிய. நான் இப்பக் குடுக்கக் கூடாது. குடிக்க ஒண்ணும் குடுக்காதேன்னு அந்த நர்சம்மா கத்திக் கத்திச் சொன்னா. தொண்டை இறங்காது, மூச்சுக் குழாய்ல போயிரும். சொன்னா கேளுங்க. உதட்டை நனைக்கட்டா? அதுவும் வேண்டாம். பயமா இருக்கு எனக்கு.

அப்படிப் பாக்காதீங்க. எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? கட்டவும் விடல, கீறவும் விடல, சாகக் கிடந்தவர் தண்ணி கேட்டாரு, வாளியைக் கையில வச்சுக்கிட்டே குடுக்கல, பகை தீத்துட்டான் கண்டக்டர்னு சொல்லும். பூசாரி ஒருத்தர் போதும், ஏழு ஊருக்குச் சொல்லிருவாரு. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா என் மகள் அந்த வீட்டுல எப்படி இருப்பா? உங்க படத்துக்குக் கீழ நின்னு தினம் விளக்கேத்துவா, ஏத்தும்போதெல்லாம் எங்கப்பன்தான் இவரைக் கொன்னான்னு நினைப்பாளா மாட்டாளா? குடுத்தா நீங்க புரையேறிச் சாவிய. குடுக்கலைன்னா தண்ணி குடுக்காத பாவி நான். எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவரால்லா இருக்கு.

வாளியை அந்தப் பக்கம் வைக்கேன். உங்க கண்ணுல படாம.

மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்குல்லா? இல்ல, விடல.

பாத்தியளா, பாத்தியளா! நான் இவ்வளவு சொல்லுதேன், நீங்க கண்ணை மூடுதிய. இதான், இதேதான். என் வீட்டுக்கு வந்தா நாற்காலி நுனியில உக்காந்து பாதிக் கண்ணை மூடிக்கிட்டு உத்தரத்தைப் பாப்பிய. நான் பேசுதது மனுசப் பேச்சா தெரியலையா உமக்கு? சாகக் கிடக்கும்போதுமா வே இந்த வீம்பு? கண்ணைத் திறந்து என்னைப் பாரும். பாரும் வே!

திறக்க முடியலையா?

இருங்க. இருங்க. ஒரு பக்கம் இமை கீழயே நிக்கி. நெத்தியைச் சுருக்குதிய, இமை மட்டும் தூக்க மாட்டேங்கு. 

ஐயையோ. அந்த நர்சம்மா சொன்னா. நான் டீ கிளாஸோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன், பாதிதான் காதுல விழுந்துச்சு. நல்ல பாம்பு கடிச்சா முதல்ல இமை விழும். தூங்குதான்னு நினைச்சுராதீங்கன்னு சொன்னா. அப்புறம் நாக்கு குழறும், எச்சில் முழுங்க முடியாது. அதுக்கப்புறம்... ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் ஆள் வந்துருவாவ. இடது பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கேன். எச்சில் வெளிய வடியட்டும், தொண்டைக்குள்ள போகக் கூடாது. என் மடியில தலையை வச்சுக்கிடுங்க. கட்டுன கை மேல இருக்கட்டும். இப்படித்தான். கோவிச்சுக்கிடாதீங்க சம்மந்தி, உங்க வீம்புன்னு நினைச்சுட்டேன். சத்தம் போட்டிருக்கக் கூடாது.

என்ன சொல்லுதிய? பேசாதீங்கன்னா கேக்கியளா. மெதுவா. என் காது கிட்ட.

ரசமா?

ரசம் வேணுமா? பசிக்குதா சம்மந்தி? காலையில இருந்து விரதம்னு ஒண்ணும் சாப்பிடல நீங்க. உங்க சாமிப் பொங்கலை நான்தான் ரெண்டு இலை வாங்கித் தின்னேன், நீங்க தொடக்கூட இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வாங்க. பிரமு ரசம் வச்சான்னா தெருமுக்குல மணக்கும். மிளகு தட்டிப் போட்டு, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, கெட்டியா, தண்ணி ஊத்தாம...

தண்ணி ஊத்தாம.

சம்மந்தி.

அதுவா?

அதுக்காகவா வே இத்தனை வருஷமா?

அது சிரிப்புக்குச் சொன்னதுவே! பஸ்ஸுல நித்தமும் நூறு பேரை அப்படித்தான் கிண்டல் பண்ணுவேன். ஒருத்தன் கோவிச்சுக்கிட மாட்டான், இறங்கும்போது சிரிச்சுக்கிட்டே இறங்குவான். அன்னைக்கு மண்டபமே சிரிச்சுச்சுல்லா. நீங்களும் சிரிச்சிய. சிரிச்சியளா? நான் உங்க மூஞ்சியைப் பாக்கல. அடுக்களையைப் பாத்துல்லா நின்னுக்கிட்டு இருந்தேன்.

உங்க அக்காவுக்கு மூட்டு வலி இல்ல, என்ன?

சொல்லுங்க. ஆமான்னா இந்தக் கை விரலை ஒரு தடவை அமுக்குங்க. நல்ல கைதான் இது, அசைச்சாப் பரவால்ல. அமுக்குங்க சம்மந்தி. ஏதாவது சொல்லுங்க. இத்தனை நேரம் பேசாதீங்கன்னேன், இப்பச் சொல்லுதேன், திட்டவாவது செய்ங்க.

என்ன மூச்சு இது? இழுக்குது. விட்டு விட்டு இழுக்குது. இருங்க, மல்லாத்துதேன். 

நெஞ்சு நிக்கே. நெஞ்சு அசையலையே!

இல்ல. இல்ல. டீ குடிக்கும்போது வாசல்ல இருந்து பாத்தேன். ஒரு பொம்மையைக் கிடத்தி ஊதிக் காட்டுனா அந்தம்மா. மூச்சு நின்னுட்டுன்னா செத்தாச்சுன்னு விட்டுராதீங்க, உள்ள உயிர் இருக்கும், நீங்க பேசுதது அவருக்குக் கேக்கும், ஊசி போடுத வரைக்கும் நீங்க ஊதிக்கிட்டே இருந்தா ஆள் பிழைப்பார்னு சொன்னா. நாங்க பூராவும் சிரிச்சோம். பொம்மைக்கு முத்தம் குடுக்குதான்னு நான்தான் சத்தமாச் சொன்னேன். 

தலையைப் பின்னால சாய்க்கேன். தாடையைத் தூக்குதேன். மூக்கைப் பிடிக்கேன். வெத்தலை போட்ட வாய், பொறுத்துக்கிடுங்க.

ஏறுது! நெஞ்சு ஏறுது சம்மந்தி!

இன்னொண்ணு.

இறங்குது. ஏறுது. வாங்கிக்கிடுங்க. வேண்டாம்னு சொல்லாதீங்க. விசில் ஊதி ஊதியே கழிஞ்ச உடம்பு இது, மூச்சுக்குக் குறைச்சல் இல்ல. 

உள்ள கேக்குதுல்லா உங்களுக்கு? கேக்கும்னுதானே சொன்னா. சாப்பிட வர வேண்டாம். சொதியும் வேண்டாம், ரசமும் வேண்டாம். என் வாசல்ல நின்னு என்னை நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு, உங்க பாட்டில் தண்ணியைக் குடிச்சுட்டுப் போங்க. அதுக்காவது வரணும். 

இன்னொண்ணு.

அந்தா. கேக்குதா? ஆத்துக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம். உலகு கூப்பிடுதான். "அப்பா"ங்கான். ஃபாரஸ்ட்காரவ குரலும் கேக்கு. வந்துட்டாவ. நான் ஒரு சத்தம் குடுத்தா அந்தக் கரை வரைக்கும் கேக்கும், இருக்காரு உங்கப்பா, உயிரோட இருக்காருன்னு சொல்லலாம். பய தவிச்சுக்கிட்டு நிப்பான்.

அதுக்கு உங்க வாயை விட்டு நான் நிமிரணும்.

மாட்டேன். கூப்பிட்டுக்கிட்டே வரட்டும், அவனுக்கு வழி தெரியும். இந்த வாய் பேசுனது போதும்.